தனித்தொகுதி (தருமபுரி மாவட்டம்)

தருமபுரி மாவட்டத்தின் 5 சட்டமன்றத் தொகுதிகளில் அரூர் மட்டும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்களிப்போர் அனைத்துச் சாதியினரும். இம்முறை 1932 பூனா ஒப்பந்தத்தில் வேர் கொண்டது. தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதியை அம்பேத்கர் கோரினார். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பின் அது கைவிடப்பட்டு, இட ஒதுக்கீடு ஏற்கப்பட்டது. வெல்பவர் பிற சாதி வாக்குகளையும் நம்பியிருப்பதால் சொந்த மக்களுக்காக அழுத்திப் பேச இயலாது என்ற குறை அன்றே எழுந்தது. இன்றும் அது வலுவான வாதமே.

தமிழ்நாட்டின் 234 இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. மறுவரையறைச் சட்டப்படி முன்னவை மாநிலமெங்கும் பரவலாகவும், பின்னவை பழங்குடியினரின் விகிதம் மிகுந்த இடங்களிலும் அமையும். அதனால் ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடித் தொகுதிகளாயின. சித்தேரி, வத்தல்மலை வாழ் மலையாளிப் பழங்குடியினர் மாவட்டத்துக்குள் சிதறிய சிறுபான்மை என்பதால் அவர்களுக்கு இங்கே சட்டமன்ற ஒதுக்கீடு இல்லை. இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது உள்ளாட்சியே: அரசியலமைப்பின் 243டி பிரிவு ஊராட்சிகளில் மக்கள்தொகை விகிதப்படி உறுப்பினர் இடங்களை ஒதுக்குகிறது, அவற்றைச் சுழற்சி முறையில் மாற்றவும் இடமளிக்கிறது. சட்டமன்ற ஒதுக்கீடு 104ஆம் திருத்தத்தால் 2030 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.