ஓட்டுச் செலவு யார் தலையில? - ஒரு பழவேற்காட்டுக் கணக்கு

போன ஞாயித்துக்கிழமை பொன்னேரியில இருக்குற காலேஜ் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பழவேற்காடு. டச்சுக்காரங்க கல்லறையைப் பாத்துட்டு, ஏரிக்கரையில கருவாடு காயப்போட்டுட்டு இருந்த ஒரு ஆயாகிட்ட பேச்சுக் கொடுத்தோம். ஊர் பஞ்சாயத்து பத்தி நண்பன் கேட்டதும், "எங்க வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் தலைக்கட்டு இருந்துச்சுப்பா. அவரு போனதும் வரியும் இல்ல, பேச்சும் இல்ல"ன்னாங்க. ரொம்ப சாதாரணமா. திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான்.

விஷயம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மீனவக் குப்பங்கள்ல ரெண்டு பஞ்சாயத்து உண்டு. ஒண்ணு சர்க்கார் ஊராட்சி. இன்னொண்ணு ஊர் பஞ்சாயத்து. இதுல கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போட்டுத்தான் கோயில் திருவிழா, வழக்கு, பொதுச்செலவு எல்லாம் நடக்கும். கோட்டைக்குப்பம் மாதிரி குப்பங்கள்ல ஏரியில 'பாடு' கிடைக்கிறதும் இந்தக் கணக்குலதான். எந்த நாள் எந்த இடத்துல யார் வலை கட்டணும்ங்கிறதை சீட்டுப் போட்டு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. அழகான ஏற்பாடுதான், சந்தேகமே இல்லை. ஆனா பட்டினவர் அல்லாத மீனவங்களுக்கு அந்தச் சீட்டுல இடம் இல்லை. அதனால பல வருஷமா தகராறு.

ஆக, செலவைப் பகிர்ந்துக்கிறவனுக்குத்தான் பேச்சு. இது குப்பத்து வழக்கம் மட்டும் இல்லீங்க. சீட்டுன்னதும் எல்லாரும் பெருமையா சொல்ற உத்திரமேரூர் குடவோலை (பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 கல்வெட்டுகள்) ஞாபகம் வருதில்ல? அதுலயும் ஓலையில பேர் எழுதணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும். ஆயிரம் வருஷம் தள்ளி 1919 சட்டப்படி வந்த மெட்ராஸ் சட்டசபைத் தேர்தலுக்கும் பெரும்பாலும் சொத்து உள்ளவங்க, வரி கட்டுறவங்களுக்குத்தான் ஓட்டு. 1950ல அரசியலமைப்புச் சட்டம் வந்துதான் வரிக்கும் ஓட்டுக்கும் இருந்த முடிச்சை அவுத்து விட்டுச்சு.

முடிச்சை அவுத்தா செலவை யாராவது சுமக்கணுமே? பார்லிமெண்ட் தேர்தல்னா மத்திய அரசு. சட்டசபைன்னா மாநிலம். ரெண்டும் சேர்ந்து வந்தா ஆளுக்குப் பாதி. உள்ளாட்சித் தேர்தலுக்கு தனி மாநிலத் தேர்தல் ஆணையம். 1993ல அமலுக்கு வந்த 73வது திருத்தத்தால வந்தது. அதுக்குன்னு பெரிய ஆள்படை கிடையாது. கேட்டா கவர்னர் ஊழியர்களைக் கொடுக்கணும்னு 243கே பிரிவே சொல்லுது. அதான் நம்ம வாத்தியாருங்க பெட்டியும் கையுமா பூத்துக்கு வர்றாங்க. 2019 டிசம்பர்ல திருவள்ளூர் மாவட்ட கிராமங்கள்ல ஒருத்தருக்கு நாலு ஓட்டு: வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம். வார்டுக்கு நிக்கிறவர் 200 ரூபாய், தலைவருக்கு நிக்கிறவர் 600 ரூபாய் டெபாசிட் கட்டணும். ஓட்டுப் போடுறவங்க காலணா கட்ட வேணாம்.

இது வீண் செலவுன்னு நினைக்கிறவங்களும் உண்டு. அதே 2019ல கடலூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதா செய்தி வந்துச்சு. காசு கோயிலுக்குத்தானே, ஊருக்குத்தானேன்னு நியாயம் வேற. செலவு மிச்சம்தான். ஆனா ஏலத்துல கை தூக்க யாரால முடியும்? மறுபடியும் அதே பழைய முடிச்சு.

இதோட வலி சுனாமியப்போ தெரிஞ்சுது. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் நிவாரணப் பொருள் பல கடலோர ஊர்கள்ல ஊர் பஞ்சாயத்து வழியாத்தான் போச்சு. தலைக்கட்டுப் பட்டியலை வெச்சுப் பிரிச்ச இடங்கள்ல விதவைகள், தனியா இருந்த பொம்பளைங்க விட்டுப்போனாங்க. யாரும் வேணும்னே செஞ்சதா நான் சொல்லலை. பட்டியல்ல பேர் இல்ல, அவ்வளவுதான். சர்க்கார் ஊராட்சி மட்டும் ரொம்ப ஒழுங்கான்னா அதுவும் இல்ல. 2016ல நடக்கவேண்டிய தேர்தல் கோர்ட்ல நின்னு, மூணு வருஷம் தனி அலுவலர்தான் எல்லாம். ஆனா நடக்கும்போது ஆயா பேர் பட்டியல்ல இருக்கு.

கிளம்பறப்போ ஆயாகிட்ட, "சர்க்கார் ஓட்டு போடுவீங்களா?"ன்னு கேட்டேன். "போடாம? அதுக்கு யாரு வரி கேக்குறா?"ன்னு சிரிச்சாங்க.

நான் சொல்ல வந்ததை அவங்க ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

டிஸ்கி: எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல மெயின்டனன்ஸ் பாக்கி வெச்சிருக்கிறவங்களுக்கு ஓட்டு கிடையாது. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் கிடையாது. நான் வாடகைக்கு இருக்கேன் :)