தொடுதிரையும் தொடுபுலனும்: சுவாமிமலையை முன்வைத்து

தொல்காப்பிய மரபியல் அறிவை வரிசைப்படுத்துகையில் மெய்யால் உற்றறிதலை முதலிலும் செவியறிதலை ஐந்தாவதாகவும் வைக்கிறது. சுவாமிமலை இவ்விரு புலன்களாலும் அறியப்படும் ஊர்: முருகன் தந்தையின் செவியில் பிரணவப் பொருள் உரைத்ததாகத் தொன்மம் கூறும் தலம்; மெழுகுருவைக் கையால் வனைந்து, காவிரி வண்டலால் பொதிந்து, திருமேனி வார்க்கும் சிற்பியரின் இடம்.

இணையத் தொடர்புக்குத் தமிழ் கண்ட பெயர்களிலும் புலன்வழி உருவகங்கள் உண்டு. 2006-இல் தோன்றிய ட்விட்டர் ‘கீச்சகம்’ ஆயிற்று. வாட்ஸ்அப், புலன் என்னும் சொல்லையே உட்கொண்டு ‘புலனம்’ எனப்பட்டது. 2023-இல் ட்விட்டர் எக்ஸ் ஆனபோது மூலப்பெயரில் பறவையொலி மறைந்தது. தமிழில் கீச்சு எஞ்சியது. ஆயினும் அக்கீச்சு பெரிதும் கண்ணுக்கே எட்டுகிறது. தொடுதிரையில் எப்படத்தைத் தீண்டினும் விரல் உணர்வது கண்ணாடியையே. மெழுகின் பதத்தைக் காணொலி காட்டலாம், உணர்த்த இயலாது. அதனை இளஞ்சிற்பி பட்டறையில் விரலால் பிசைந்தே கற்க வேண்டியுள்ளது.