முன்னும் பின்னும் ஓர் உதை: ஏர் ரைஃபிளில் ஸ்கோப் ஏன் நிற்க மாட்டேங்குது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதை திருக்கோகர்ணத்துல ஆரம்பிக்குது. புதுக்கோட்டை டவுனை ஒட்டின ஊர். தொண்டைமான் மன்னர்களோட குலதெய்வம் பிரகதாம்பாள் இருக்கிற கோயில் இங்கதான். சமஸ்தானக் காலத்துல அந்த அம்மன் உருவத்தைப் போட்டு அச்சடிச்ச குட்டிச் செப்புக் காசுக்கு 'அம்மன் காசு'ன்னே பேர். 1910-ல ஆரம்பிச்ச புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகமும் இந்த ஊர்லதான் இருக்கு.

ஆனா எனக்குத் திருக்கோகர்ணம்னா முதல்ல ஞாபகம் வர்றது பலூன் கடை. ஆடிப்பூரத் திருவிழாவுக்குப் போனா, வளையல் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவுல ஒரு பலகை நிக்கும். அதுல வரிசையா பலூன். முன்னாடி ஒரு பழைய ஏர் கன். பத்து குண்டு சுட்டேன், உடைஞ்சது ஒரே ஒரு பலூன். அதுவும் நான் குறி வெச்சது இல்ல, பக்கத்துல இருந்தது. "மாமா, துப்பாக்கி சரியில்ல"ன்னு சொன்னேன். மாமா சிரிச்சுட்டு, "துப்பாக்கியைச் சொல்லாதடா, உன் கையைச் சொல்லு"ன்னார்.

பல வருஷம் அதை நம்பிட்டிருந்தேன். சென்னையில வேலைக்கு வந்து, சொந்தமா ஒரு ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் வாங்கி, அது மேல ஆசையா ஒரு ஸ்கோப் மாட்டுற வரைக்கும். முதல் நாள் அஞ்சு பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள்ள விழுந்துச்சு. மூணாவது வாரம் எல்லாம் கைக்குட்டை அகலத்துக்குச் சிதறிப் போச்சு. மூச்சை மாத்துனேன், பிடியை மாத்துனேன், கண்ணாடி கூட மாத்துனேன். கடைசியில ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கிற மவுண்டைப் பார்த்தா, முதல் நாள் இருந்த இடத்துலேர்ந்து சுமார் மூணு மில்லிமீட்டர் பின்னாடி வந்திருக்கு. ரெயில் மேல அது நகர்ந்து வந்த கோடு பளபளன்னு தெரியுது.

அப்பதான் கேள்வி வந்துச்சு. பெரிய வெடிமருந்துத் துப்பாக்கியோட உதையையே தாங்குற ஸ்கோப், காத்துல சுடுற துப்பாக்கிகிட்ட ஏன் தோத்துப் போகுது?

காத்துத் துப்பாக்கியோட முதல் அவதாரம்

ஏர் ரைஃபிள்னா விளையாட்டுச் சாமான்னு நினைக்கிறோம். ஆனா 1780 வாக்குல ஆஸ்திரிய ராணுவம் அதைப் போர் ஆயுதமா வெச்சிருந்துச்சு. பார்த்தலோமேயஸ் கிரார்டோனி வடிவமைச்ச ரைஃபிள் அது. தோள்ல முட்டுற கட்டைப் பகுதிதான் காத்துத் தொட்டி. ஒரு தடவை அடைச்சா 20 குண்டு வரைக்கும் சுடலாம், புகை இல்ல, பெரிய சத்தம் இல்ல. சிக்கல் என்னன்னா, தொட்டியை நிரப்பக் கைபம்புல கிட்டத்தட்ட 1,500 தடவை அடிக்கணும். தோல் வாஷர் காஞ்சா காத்து கசியும். 19-ம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே ராணுவம் அதைக் கைவிட்டுடுச்சு.

இங்க ஒண்ணைக் கவனிச்சுக்கோங்க. அடைச்சு வெச்ச காத்தைத் திறந்துவிடுறதால அந்த ரைஃபிள்ல உதை ரொம்பக் குறைவு. உள்ளே கனமா எதுவும் ஓடலை.

அடுத்த அவதாரம் வந்தது போர்க்களத்துலேர்ந்து இல்ல, திருவிழாவுலேர்ந்து. 19-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் காசு கொடுத்துக் குறி பார்த்துச் சுடுற கேலரிகள் பரவுச்சு. அங்கே 1,500 தடவை பம்ப் அடிக்க யாருக்குப் பொறுமை? அதனால ஸ்ப்ரிங் வெச்ச துப்பாக்கி. ஒரு மடக்கு மடக்கினா ஸ்ப்ரிங் அமுங்கும், விசையை இழுத்தா பிஸ்டன் பாயும், காத்து அமுங்கிக் குண்டைத் தள்ளும். மலிவு, எளிமை, தொட்டி வெடிக்கிற பயமும் இல்ல. 1890-ல ஜெர்மனியோட ராஸ்டாட் ஊர்ல, பின்னாடி டயானான்னு பேர் வாங்கின கம்பெனி ஆரம்பிச்சுது. 1905-லேர்ந்து பர்மிங்காம்ல பி.எஸ்.ஏ. தொழிற்சாலை லிங்கன் ஜெஃப்ரீஸோட காப்புரிமைப்படி ஏர் ரைஃபிள் செஞ்சுது. நம்ம திருவிழா பலூன் கடையில இருக்கிறது இந்த வம்சத்தோட கடைக்குட்டி.

ரெண்டு பக்கமும் உதைக்கிற துப்பாக்கி

மலிவுக்கு ஒரு விலை உண்டு. அது என்னன்னு புரிய, பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க.

டிரைவர் ரிவர்ஸ் எடுக்கிறார், நீங்க கம்பியைப் பிடிக்காம நிக்கிறீங்க. பஸ் பின்னாடி நகருது, உங்க உடம்பு முன்னாடி சாயுது. சரி, சமாளிச்சுட்டீங்க. அடுத்த நொடியே அவர் கியரை மாத்திப் பஸ்ஸை முன்னாடி எகிற விடுறார். இப்ப நீங்க மல்லாக்க விழுவீங்க. முதல் அசைவை விட ரெண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும், ஏன்னா அது திடீர்னு வருது.

ஸ்ப்ரிங் ரைஃபிளுக்குள்ள நடக்கிறதும் இதேதான். கனமான பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்குது. பிஸ்டன் பாதையோட முடிவுல, தான் அமுக்கின காத்து மேலயே மோதி நிக்குது. அந்த மோதல்ல துப்பாக்கி படக்குன்னு முன்னாடி இழுபடுது. எல்லாம் ஒரு கண் சிமிட்டுறதுக்குள்ள. வெடிமருந்து ரைஃபிள் பின்னாடி மட்டும்தான் உதைக்கும். அதுக்காகச் செஞ்ச ஸ்கோப்புல லென்ஸும் கிராஸ்ஹேரும் அந்த ஒரு திசை அதிர்ச்சிக்குத்தான் தயாரா இருக்கும். எதிர்ப்பக்கத்துலேர்ந்தும் அடி விழுந்தா லென்ஸ் தளரும், கிராஸ்ஹேர் அறுந்துபோகும். மவுண்டோ அந்த முன் இழுப்புல பஸ் பயணி மாதிரி கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி நகரும். எனக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு விஷயம். இந்த ஆட்டத்துல பாதி, பெல்லட் குழாயை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது. அதனாலதான் ஸ்ப்ரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையில ஏந்தினாப்ல வெச்சு, அது இஷ்டத்துக்கு ஆட விடணும்னு பழகினவங்க சொல்லுவாங்க.

ஸ்கோப்பை நிறுத்தப் பட்ட பாடு

ஸ்கோப் நகர்ற பிரச்னை ஏர் ரைஃபிளுக்கு முன்னாடியே இருந்தது. முதல் உலகப் போர்ல அமெரிக்க, கனடிய வீரர்கள் வார்னர் அண்ட் ஸ்வேசிங்கிற ஸ்கோப்பைப் பயன்படுத்தினாங்க. பாறாங்கல் மாதிரி கனம், ரைஃபிளோட இடது பக்கம் தொங்கும், ஒவ்வொரு வெடிக்கும் மவுண்ட் கொஞ்சம் ஆடிக் கொடுக்கும். கனடியப் படையில சேர்ந்து சண்டை போட்ட ஹெர்பர்ட் மெக்பிரைட், சவர பிளேடுத் துண்டுகளை ஆப்பு மாதிரி செருகி அதை இறுக்கினதா எழுதியிருக்கார். கட்டில் கால் ஆடினா நாம அட்டையை மடிச்சு வைக்கிறோமே, அதே வைத்தியம். ஆனா அங்க பந்தயம் உயிர்.

அமெரிக்காவுல ஜான் அனர்ட்ல் செஞ்ச ஸ்கோப் வேற வழியில போச்சு. நகர்றதைத் தடுக்க முடியலையா, நகரட்டும்! வெடிச்சதும் குழாய் மவுண்டுக்குள்ள முன்னாடி வழுக்கும். சுட்டவர் கையால அதைப் பின்னாடி இழுத்துவிட்டு அடுத்த குண்டு போடணும். வியட்நாம் போர்ல கூட அமெரிக்க மரீன் ஸ்னைப்பர்கள் இதை வெச்சிருந்தாங்க.

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள்ல பிரச்னை பெரிசானது 1980-க்கு அப்புறம். அந்த வருஷம் இங்கிலாந்துல ஃபீல்டு டார்கெட்ங்கிற போட்டி ஆரம்பிச்சுது. உலோகத் தகட்டுல ஒரு சின்ன ஓட்டை, பல தூரங்கள்ல வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள பெல்லட்டை விடணும். ஸ்கோப் இல்லாம முடியாது. அப்பதான் ரெண்டு பக்க உதையையும் தாங்குற ஸ்கோப்புக்கு நல்ல மவுசு வந்துச்சு. மவுண்டுலயும் கவனம் போச்சு. ரெண்டு தனி வளையத்துக்குப் பதிலா, ரெயிலை நீளமாக் கவ்வுற ஒரே துண்டு மவுண்ட். அடியில ஒரு குட்டி முளை, அது துப்பாக்கி மேல இருக்கிற குழியில இறங்கி உட்கார்ந்துக்கும். ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கினாலும் அது உராய்வு மட்டும்தான், என்னைக்காவது தோத்துடும். முளை அப்படி இல்ல, இரும்பு இரும்பைத் தடுக்கும்.

நான் கடைசியில செஞ்சதும் அதுதான். ரெயில்ல இருந்த எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சேன். முளை வெச்ச ஒரே துண்டு மவுண்ட் வாங்கினேன். முளையைக் குழியில இறக்கி, அதோட பின் சுவரை ஒட்டி உட்கார வெச்சேன். ஸ்க்ரூக்களை வண்டிச் சக்கரத்து நட்டு மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். வளையத்தை வெறியோட இறுக்கினா ஸ்கோப் குழாயே நசுங்கிடும், அதையும் மனசுல வெச்சுக்கணும். கடைசியா, மவுண்டும் ரெயிலும் சேர்ற இடத்துல நெயில் பாலிஷால மெல்லிசா ஒரு கோடு. அந்தக் கோடு முறியாம இருந்தா ஸ்கோப் நகரலைன்னு அர்த்தம்.

உதையையே ஒழிச்சவங்க

ஒலிம்பிக் பக்கம் போனவங்க வேற மாதிரி யோசிச்சாங்க. பிடிமானத்தைப் பலப்படுத்துறதை விட, உதையையே இல்லாம பண்ணிட்டா? மவுசர் கம்பெனியில வேலை பார்த்த ரெண்டு எஞ்சினியர்கள் ஆரம்பிச்ச ஃபைன்வெர்க்பாவ், 1960-கள்ல ஒரு ரைஃபிள் கொண்டு வந்துச்சு. விசையை இழுத்ததும் மேல் பாகம் மொத்தமும் தண்டவாளம் மாதிரி ஒரு தடத்துல பின்னாடி வழுக்கிப் போகும். தோளுக்கு உதை வராது. அப்புறம் படிப்படியா ஸ்ப்ரிங்கே போயி, 1990-கள்ல அடைச்சு வெச்ச காத்துக்குத் திரும்பி வந்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, கிரார்டோனியோட தத்துவம்! 200 வருஷம் சுத்தி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கோம்.

கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர்ல சுடுறது இந்த வகை ரைஃபிள்லதான். அந்தப் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதி இல்ல, சின்ன ஓட்டை வெச்ச சைட் மட்டும்தான். புதுக்கோட்டை அரச குடும்பத்துலேர்ந்து பாரிஸ் ஒலிம்பிக் வரைக்கும் போன பிரித்விராஜ் தொண்டைமான் சுடுறது டிராப். ஷாட்கன்ல பறக்கிற தட்டைச் சுடுற போட்டி, அதுலயும் ஸ்கோப் கிடையாது.

ஆனா ஸ்கோப் இல்லைன்னா கவலை இல்லைன்னு நினைக்காதீங்க. 2008 பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா ஃபைனலுக்கு முன்னாடி சோதனைக் குண்டு போடுறார். அது மையத்தை விட்டு எங்கேயோ போகுது. சைட் மாறியிருக்கு. அங்கே கலங்கிப் போய், 'என் கைதான் சரியில்ல'ன்னு அவர் முடிவு பண்ணியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். அவர் சைட்டைத் திருத்தினார். ஃபைனல்ல முதல் குண்டு 10.7, கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்.

தன் கை எப்படின்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் கருவியைச் சந்தேகிக்க முடிஞ்சுது. பழகாதவனுக்கு அந்தச் சந்தேகமே சாக்காப் போயிடும். என் மாமா சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கு.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு நம்ம நாட்டுல லைசன்ஸ் தேவையில்லைங்கிறதால அதைப் பொம்மைன்னு எடுத்துக்காதீங்க. பறவை, அணில் பக்கம் குழாயைத் திருப்பக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. குறி பலகைக்குப் பின்னாடி எப்பவும் குண்டைத் தாங்குற சுவர் இருக்கணும்.

போன ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பலூன் கடையில முதல் ரெண்டு குண்டையும் பலூனைப் பார்த்துச் சுடலை. பலகையில ஒரு ஆணியைப் பார்த்துச் சுட்டேன், குண்டு எங்க போகுதுன்னு பார்க்க. ரெண்டும் ஒரே மாதிரி இடது பக்கம், நாலு விரல் தள்ளி. மூணாவது குண்டுக்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளிக் குறி வெச்சேன். பலூன் உடைஞ்சுது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "கண்டுபிடிச்சுட்டீங்களா தம்பி"ன்னு சிரிச்சார்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.