மகேந்திரபருவதமும் ஆயிரலிங்க ஆறும்

கம்போசநாடு காணச் செல்வார் அங்கோர் நகரத்துக் கோயில்களைக் கண்டபின், வெம்மை தணிதற்பொருட்டுக் குலேன் மலைமேல் ஏறி அருவியாடி மீளுதல் வழக்கம். அங்கோருக்கு வடகிழக்கே மணற்பாறையாலமைந்து நீண்டு கிடக்கும் அம்மலை, 1993 முதல் அரசினராற் காக்கப்படும் கானகம். கோயிலைக் கலையென்றும் அருவியை இயற்கையழகென்றும் இருவேறாகப் பிரித்துக் காண்பது வழிகாட்டி நூல்களின் இயல்பு. அம்மலையைப் பொறுத்தவரை அப்பிரிவு பொருந்தாது. ஆங்கு ஆறே கோயிலாக ஆக்கப்பட்டுள்ளது.

மலையின் பழம்பெயர் மகேந்திரபருவதம் என்பது. கி.பி. 802இல் இரண்டாம் செயவர்மன் ஈண்டுச் சக்கரவர்த்தியாக முடிபுனைந்தான் என்பர். இதற்குத் தலைமைச் சான்று, இப்பொழுது சயாம் நாட்டெல்லையுள் இருக்கும் ஸ்தோக் காக் தோம் என்னும் கோயிலின் கல்வெட்டு. வடமொழியும் கெமர் மொழியுமாக எழுதப்பட்ட அது 11ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு கழிந்தமையின், அதன் சொல் ஒவ்வொன்றையும் கண்கூடாகக் கண்டார் கூற்றெனக் கொள்ளுதல் கூடாது. அன்றியும், தம் குலத்துப் பெருமையை நிலைநாட்டக் கருதிய குருமரபினர் எழுதுவித்தது அது. இரணியதாமன் என்னும் அந்தணன் வந்து கிரியை இயற்றினான் என்றும், வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என்னும் நான்கு தந்திரங்களைச் சிவகைவல்லியன் என்பானுக்குக் கற்பித்தான் என்றும், அந்நான்கும் தும்புருவின் நான்கு முகங்கள் என்றும் அக்கல்வெட்டுக் கூறும்.

சைவ நூலாராய்ச்சியாளர் ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். காமிகம் முதல் வாதுளம் ஈறாகவுள்ள மூலாகமம் 28இனுள் இந்நான்கும் இல்லை. இவை வாமசுரோதசைச் சார்ந்தவை. இவற்றுள் வீணாசிகம் நேபாளத்து ஏட்டில் எஞ்சி நின்று 1985இல் அச்சேறியது. ஆகவே, கம்போசத்துச் சைவம் முழுவதும் தமிழ்நாட்டுச் சித்தாந்தமே கடல் கடந்து சென்றது என ஆர்வமிகுதியாற் சொல்வார் கூற்று இக்கல்வெட்டோடு இயையாது. பிற்காலக் கல்வெட்டுக்களிற் சித்தாந்த நெறியின் சாயல் காணப்படுதல் உண்மையே. எனினும் தொடக்கத்தைப் பற்றி அவர்தம் மரபே உரைத்தது வேறு.

மலைமேலிருந்த நகரம் நெடுங்காலம் காட்டுள் மறைந்து கிடந்தது. 2012இலும் 2015இலும் வானூர்தியிலிருந்து ஒளிக்கதிர் செலுத்தி நிலமளந்த முறையால், மரங்களின் கீழே நேர்வீதிகளும் அணைகளும் மேடைகளும் புலப்பட்டன. கல்வெட்டிற் பெயரளவாய் நின்ற நகரம் நிலத்திலும் உண்மையென்று தெளிவாயிற்று.

இனி ஆற்றைக் கூறுவாம். மலையின் மேற்குப்பகுதியில் கபால் ஸ்பியன் என்னும் ஓரிடம் உண்டு. அப்பெயர்க்குப் பாலத்தின் தலை என்பது பொருள். இயற்கையாய் அமைந்த கற்பாலமொன்று ஆங்குள்ளது. ஏறத்தாழ 1,500 மீட்டர் காட்டுவழி நடந்தே அதனை அடைதல் வேண்டும். ஆங்கு ஆற்றுப்படுகைப் பாறையிலேயே வரிசை வரிசையாக இலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை தனிக்கல் நாட்டியவை அல்ல. படுகைப் பாறையே சிறு குமிழ்களாக எழுந்து நிற்கின்றது. பாம்பணையில் அறிதுயிலமர்ந்த திருமாலும், அவர் உந்தித் தாமரையில் நான்முகனும், உமையொடு கூடிய பெருமானும் அப்பாறைகளிற் காணப்படுவர். இவை 11ஆம் நூற்றாண்டின எனக் கொள்ளப்படும். ஐரோப்பிய ஆய்வாளர் இவ்விடத்தை அறிந்தது 1960களின் இறுதியிலேதான். பிரான்சு நாட்டு அறிஞர் சான் புல்பே என்பார் இதனை உலகறியச் செய்தார்.

இவ்வாறு செய்ததன் கருத்து யாது? இம்மலையிற் பிறக்கும் நீர் சியம் ரீப் ஆறாகி அங்கோர் நகரூடு செல்கின்றது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் யசோவர்மன் வெட்டுவித்த கீழைப்பேரேரி ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் நீளமுடையது. அதனை நிரப்பியது இவ்வாற்று நீரே. ஆறு முடிவில் தொன்லே சாப் என்னும் பெரிய ஏரியிற் கலக்கும். சிவலிங்கத்தின்மேல் ஓடிய நீரே நகரத்தார் பருகவும் வயல் விளையவும் பயன்பட்டது. கோயிலுள் அபிடேக நீர் கோமுகை வழியாக வெளிப்படுதல் போல, நாடு முழுவதற்கும் மலையே திருமேனியாகவும் ஆறே கோமுகையாகவும் அமைந்தன. நீர்ப்பாசனத்தையும் வழிபாட்டையும் இவ்வளவு நெருங்கப் பிணைத்த செயல் வேறெங்கும் எளிதிற் காணற்கரிது.

அங்கோரினின்று கபால் ஸ்பியன் செல்லும் வழியிலேயே பான்தே ஸ்ரெய் என்னும் சிறு கோயில் உள்ளது. 967இல் யக்ஞவராகன் என்னும் அரசகுரு எடுப்பித்தது, செந்நிற மணற்கல்லாலாயது, ஆங்கு எழுந்தருளிய பெருமான் திரிபுவனமகேசுவரர் எனப்பட்டார். அதன் கிழக்கு வாயின் முகப்பிற் பெருமான் பல கைகளோடு ஆடுகின்றார். அருகே என்பெழுந்த மேனியும் வற்றிய தனமுமுடைய பெண்ணொருத்தி அமர்ந்திருக்கின்றாள். இவ்வுருவம் காரைக்காலம்மையார் என்று அறிஞர் பலர் கருதுவர். இதனைத் தமிழ்நாட்டுத் தொடர்புக்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆயின் ஒரு சிற்பத்தைப் பற்றிக்கொண்டு கம்போசச் சைவம் அனைத்தையும் தமிழர்க்கு உரிமையாக்கல் மிகையாம். அம்மையார் வரலாறு கடல் கடந்து சென்று, மொழி வேறாகிய மக்களாலும் போற்றப்பட்டது என்னுமளவே அதனால் விளங்கும். அவ்வளவே பெரிது.

இச்சிற்பங்கள் காலத்தால் மட்டும் தேய்வன அல்ல. 1923இல் பிரான்சு நாட்டு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ பான்தே ஸ்ரெயின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று பிடிபட்டார். பின்னர் 1931 முதல் ஆன்றி மார்ஷால் என்பார் சிதைந்த கற்களை இனங்கண்டு மீளவும் அடுக்கினார். குலேன் மலை உள்நாட்டுப் போரில் நெடுங்காலம் படைஞர் உறைவிடமாயிருந்தமையின் வெடிகள் புதைக்கப்பட்ட நிலம் அது. செல்வோர் இட்ட வழி விலகாது நடத்தல் வேண்டும். இலிங்கப் பாறைகளின்மேற் காலூன்றி நீராடுதலைச் சைவர்க்குத் தவிர்க்கச் சொல்ல வேண்டுவதில்லை. ஏனையோர்க்கு உடன்செல்வார் எடுத்துரைப்பது நன்று.

செல்லுங்காலம் பற்றியும் ஒன்று. வைகாசி முதல் ஐப்பசி வரை ஆங்கு மழை. பங்குனிக் கோடையில் நீர் சுருங்கி, இலிங்கங்கள் வெயிலில் உலர்ந்து தெளிவாகத் தோன்றும், அருவியோ மெலிந்திருக்கும். மழை மிக்க நாளில் அருவி பேரொலியோடு வீழும். இலிங்கங்கள் பல வெள்ளத்துள் மறைந்துவிடும். காண்பதையே கருதுவார் கோடையில் செல்வர். அபிடேகம் இடையறாது நிகழும் காலம் மழைக்காலமே.