ஜி.எஸ்.டி. சாலையின் வரலாற்றுச் சின்னங்கள்

கிண்டி கத்திப்பாராவில் தொடங்கி பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் எனத் தெற்கே நீளும் நெடுஞ்சாலை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு எனும் ஜி.எஸ்.டி. சாலை. நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 45 ஆக இருந்தது. இன்றைய எண் 32. அமெரிக்காவில் 1926-ல் உருவான ரூட் 66 சாலையோரத்துப் பழைய பெட்ரோல் பங்குகளையும் விடுதிகளையும் காக்க 1999-ல் தனிச் சட்டமே வந்தது. அந்த அக்கறைக்கு ஜி.எஸ்.டி. சாலையின் முதல் 20 கிலோமீட்டர் இன்னும் கூடுதலாகத் தகுதி உள்ளது.

பரங்கிமலை உச்சியில் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை அங்கு வழிபாட்டில் உள்ளது. இம்மலையடியில்தான் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி, பெரும்பாக்கம் நோக்கிச் சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும்பணியின் தொடக்கம் அது. எவரெஸ்டின் உயரம் பின்னாளில் அந்தப் பணியின் வழியாகவே கணக்கிடப்பட்டது.

இச்சாலையில் முதலிடம் பல்லாவரத்துக்கே தர வேண்டும். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே சரளைக் குழியொன்றில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கருவி. மனித இனம் அவ்வளவு தொன்மையானது என்பதை ஐரோப்பிய அறிஞர் உலகம் ஏற்று நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டனர். அங்குள்ள கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் என 2011-ல் வெளியான ஆய்வு நிறுவியது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வு பல்லாவரத்தில் பிறந்தது என்பதில் மிகையில்லை. ஃபூட் சேகரித்தவை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரையும் உண்டு. அவனுடைய விருதுப் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. இன்று அது தர்காவாக விளங்குகிறது. இப்பகுதிக் கருங்கல்லுக்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்த இனமே என்பதால் நிலவியலாளர் டி. எச். ஹாலண்ட் 1893-ல் அப்பெயரைச் சூட்டினார்.

குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் உருவான ஊர். இங்கு 1949-ல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தனர். அடுத்து, தாம்பரம் சானடோரியம். காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வுமே பெருமருந்தாக இருந்த 1928-ல் மருத்துவர் சவுரி முத்து இதைத் தொடங்கினார். 1937-ல் அரசு ஏற்றது. பின்னர் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்கள் ஒதுக்கிய காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை இது. அந்தச் சேவைக்காகவே இதைத் தனித்துச் சொல்ல வேண்டும்.

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரம் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அதன் 365 ஏக்கர் வளாகத்தில் புள்ளிமான்களை இன்றும் பார்க்கலாம். 1855-ல் எழும்பூரில் தொடங்கிய உயிரியல் பூங்கா 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்டது. அதையடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் முதல் புறநகர்ப் பேருந்து முனையம் இயங்குகிறது.