டாலி கொடுக்காத பாதி

டாலி பார்ட்டன் 1967-இல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடகியாகச் சேர்ந்தார். கன்ட்ரி இசையில் போர்ட்டர் அப்போது பெரிய பெயர். சில வருடங்களில் டாலிக்குத் தனியாகப் போக வேண்டும் என்றாகிவிட்டது. போர்ட்டர் விடுவதாக இல்லை. பேசிப் பேசி ஓய்ந்தபின், சொல்ல வேண்டியதை 1973-இல் ஒரு பாட்டாக எழுதி, அவர் எதிரிலேயே பாடிக் காட்டினார். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பிறந்தது இப்படித்தான். காதல் பாட்டு என்று உலகம் நம்புவது, உண்மையில் வேலையை விட்டுப் போகிறவர் தன்னை வளர்த்தவரிடம் விடைபெறும் பாட்டு. கல்யாணங்களில் இதைப் பாடுகிறவர்கள் வரிகளைக் கவனிப்பதில்லை போலும்.

1974-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் கிடைத்தது. மெல்லிய குரல், ஒரு சரணம் பாடாமல் பேச்சாகவே வரும். அந்த வட்டத்துக்கு வெளியே பெரிதாகப் போகவில்லை.

எல்விஸ் பிரெஸ்லி இந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர், பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். டாலி முடியாது என்றுவிட்டு, இரவெல்லாம் அழுதாராம். எல்விஸையே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

1975-இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். 1982-இல் டாலியே தான் நடித்த படத்துக்காக மறுபடி பாட, கன்ட்ரி பட்டியலில் மீண்டும் முதலிடம்.

பிறகு ‘தி பாடிகார்ட்’ படம். அதில் பாடகி விட்னி ஹூஸ்டனுக்கு முதலில் தேர்ந்தெடுத்த பாட்டு வேறொரு படத்தில் வந்துவிட்டதால், நாயகன் கெவின் காஸ்ட்னர் ரான்ஸ்டாட் பாடியதைக் கொண்டுவந்தார். இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் டாலிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ரான்ஸ்டாட்டின் பதிவில் கடைசிச் சரணம் கிடையாது என்று டாலி எச்சரித்து, வரிகளைக் கொடுத்தார். தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் விட்னி தனிக்குரலில் பாட வேண்டும் என்பதும் காஸ்ட்னரின் பிடிவாதம்தான். முடிவை நெருங்கும்போது ஒரு கணம் மௌனம், டிரம்மில் ஓர் அடி, சுருதி மேலே ஏறும். அந்த இடத்துக்காகவே பாட்டை மறுபடி மறுபடி கேட்டார்கள். 1992 நவம்பரில் வெளியாகி, அமெரிக்க பாப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவரை எந்தப் பாட்டும் அத்தனை வாரம் நின்றதில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்த டாலி, வானொலியில் இதை முதன்முதலாகக் கேட்டு, வண்டியை ஓரம்கட்ட வேண்டியதாயிற்று.

விட்னியின் பாட்டில் குரல் ஜெயிக்கிறது. பிரிவின் வலி டாலியிடம்தான் கூடுதல் என்பேன்.

பாதியைக் கொடுக்காததால் எழுத்தாளருக்கான ராயல்டி முழுக்க டாலியின் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகம் வாங்கினார். அதை விட்னி கட்டிய வீடு என்றே நினைப்பதாக 2021-இல் ஒரு பேட்டியில் சொன்னார்.