கல்முனைக் கரையோர முஸ்லிம்களிடையே முதுசப் பங்கீடு

முதுசப் பங்கீடு என்பது, மௌத்தான ஒருவர் விட்டுச்சென்ற வீடு, வயல், பணம், நகை ஆகியவற்றிலிருந்து அவரது ஜனாஸாச் செலவையும் கடனையும் தீர்த்து, எஞ்சியதை வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் நடைமுறையாகும். மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், தாய்வழிக் குடிமரபு, இஸ்லாமியச் சட்டப்பிரிவுகளுள் ஒன்றான ஷாபிஈ மத்ஹபின் பங்குவிதிகள், ஆங்கிலேயர் ஏற்படுத்திய நீதிமன்ற முறை ஆகிய மூன்றும் ஒரே சொத்தின்மீது உரிமை பேசுகின்றன.

இவற்றுள் மூத்தது குடிமரபு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத் தமிழரிடையே வழங்கிய முக்குவச் சட்டத்தின்படி, பரம்பரையாக வந்த முதுசம் சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்கும், ஒருவர் தாமே உழைத்துச் சேர்த்த தேடியதேட்டம் அவருடைய பிள்ளைகளுக்கும் சென்றது. கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் அச்சட்டத்தை நூலாக்கி வெளியிட்டார். ஆனால் அதே ஆண்டில் பிறந்த மரபுரிமைச் சட்டத்தோடு அது நீதிமன்றத் தகுதியை இழந்தது. முஸ்லிம்கள் குடியைத் தாய்வழியில் எண்ணுவதும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைப்பதும் அதன்பின்னும் தொடர்ந்தன. ஆகவே பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீடும் வளவும் பெண்மக்களிடம் போய்ச்சேர, மரணத்துக்குப் பின் பங்கிட வேண்டியதாகப் பெரும்பாலும் வயலும் பணமுமே எஞ்சின.

எழுதப்பட்ட சட்டம் கொழும்பிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்துத் தொகுப்பொன்றை அடியொற்றி 1806இல் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்காக அறிவிக்கப்பட்ட முகம்மதியர் சட்டக்கோவை, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் ஏனைய பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டது. அதன் உரிமைவழி விதிகளை அகற்றி அவ்விடத்துக்கு வந்ததே 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறுதிவிருப்பின்றிய உரிமைவழிச் சட்டம். மரணசாதனம், அதாவது தமக்குப்பின் சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் ஆவணம், இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவின் இஸ்லாமியச் சட்டப்படி பிரிய வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர் என்பதால் நடைமுறையில் அம்மத்ஹபே அளவுகோலாயிற்று.

அப்பங்கீடு ஒரு குடும்பத்தில் எவ்வாறு அமையும் என்பதை ஒரு கணக்கிற் காணலாம். மனைவி, தாய், இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒருவர் மௌத்தாகிறார். கடன்கள் தீர்ந்தபின் ஐந்து ஏக்கர் உறுதிக்காணி, அதாவது 800 பேர்ச்சஸ் வயல், மிஞ்சுகிறது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்றும் தாய்க்கு ஆறில் ஒன்றும் உரியன. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. வயலை 120 கூறாக்கினால் மனைவிக்கு 15, தாய்க்கு 20, ஆண்மக்களுக்குத் தலைக்கு 34, மகளுக்கு 17 கூறுகள் வருகின்றன. மனைவியின் நிலம் சரியாக 100 பேர்ச்சஸ். மகளின் நிலம் 113 பேர்ச்சஸுக்குச் சற்று மேல். வரம்பும் வாய்க்காலும் ஒன்றாயுள்ள வயலில் இத்தகைய துண்டுகளை அளந்து கல் நாட்டுவது எளிதன்று. எனவே பலர் உறுதியைப் பிரிக்காமல் விளைச்சலை மட்டும் பகிர்ந்துகொள்கின்றனர். அடுத்த தலைமுறையில் வாரிசுகள் பெருகும்போது, அப்பன் பெயரிலோ பாட்டன் பெயரிலோ நிற்கும் உறுதி பெருஞ் சிக்கலாகிறது.

மரணசாதனம் எழுதுவோர் விடயத்தில் நாட்டுச் சட்டமும் மார்க்கச் சட்டமும் பிரிகின்றன. மார்க்கப்படி வஸிய்யத், அதாவது மரணசாதனத்தால் எழுதிவைப்பது, மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஏனைய வாரிசுகள் இணங்கினாலன்றி ஒரு வாரிசுக்கு எழுதவும் கூடாது. 1844ஆம் ஆண்டின் மரணசாதனச் சட்டமோ முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு எழுதிவைக்க எவருக்கும் இடமளிக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி அவ்வாவணம் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடப்பட வேண்டும்.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, சட்டம் குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தை மாவட்ட நீதிமன்றத்தின் வழியாக நிருவகிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு செய்யாதவரை அச்சொத்தை மீட்க வழக்காட முடியாது. மரணசாதனம் இருந்தால் அதில் நியமிக்கப்பட்டவருக்குப் புரோபேட் எனும் சான்றும், இல்லாவிடில் பொறுப்பேற்கும் உறவினருக்கு நிருவாகக் கடிதமும் வழங்கப்படும். மரண அத்தாட்சிப்பத்திரம், வாரிசுகளின் பெயர்கள், சொத்துப் பட்டியல், சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு மனு செய்யப்பட்டு, ஆட்சேபம் உடையோருக்கு அறிவித்தல் கொடுக்கப்படுகிறது. காதி நீதிமன்றத்துக்கு இதில் நியாயாதிக்கம் இல்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதற்கு விவாகம், விவாகரத்து, மஹர், தாபரிப்பு போன்றவற்றையே ஒப்படைத்தது.

மகளுக்குக் கொடுக்கும் சீதன வீட்டைப் பொறுத்தவரை 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மிக முக்கியமானது; அது பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. முஸ்லிம் ஒருவர் எழுதும் நன்கொடை உறுதியில், அக்கொடை மீளப்பெற முடியாதது என்று வெளிப்படையாக எழுதப்பட்டிராவிடில் அதனை மீளப்பெற முடியாததாகக் கொள்ளலாகாது என்கிறது அப்பிரிவு. அந்த ஒரு வாசகம் விடுபட்டால் மகளின் வீட்டுரிமை தளர்ந்துவிடும். உறுதியே எழுதப்படாத வீடோ, தகப்பன் மௌத்தானதும் ஏனைய சொத்தோடு சேர்ந்து எல்லா வாரிசுகளுக்கும் பங்காகிவிடக்கூடும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வழிசெய்தது. ஒரே அலையில் கணவன், மனைவி, பிள்ளைகள் மாண்ட குடும்பங்களில் யார் முந்தி இறந்தார் என்பது தெரியாவிட்டால், ஷாபிஈ விதிப்படி அவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள். ஒவ்வொருவர் சொத்தும் உயிரோடிருக்கும் உறவினருக்கே போகும். அழிந்துபோன சீதன வீடுகள் பெண்களின் உடைமை. அவற்றுக்கு ஈடாகக் கட்டப்பட்ட வீடுகள் பல குடும்பத் தலைவர் என்ற வகையில் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. இது அப்பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அவ்வீடு மறு தலைமுறையில் எவ்வழியிற் செல்லும் என்பதையும் அது மாற்றிவிட்டது.

பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தின்பேரில் வழங்கிய காணிகள், இவ்விதிகள் எவற்றுக்கும் உட்படுவதில்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அவை நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கும், அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிடில் அட்டவணை வரிசைப்படி உறவினருக்கும் செல்கின்றன. அந்த வரிசையில் பெண்மக்களுக்கு முன்பாக ஆண்மக்களை வைத்திருந்த ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது.